குழந்தை இல்லாமலும் ஆடும்

மூவார்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த கல்சோம் அக்கா அவர்களுக்கு, தம்பி ஜுராய்மி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே பத்து பகாட் ஊரில் நீங்களும், மகன் கைருலும், மருமகள் சுஹைலாவும், பிறந்து கண் திறந்து வீட்டை ஆளத் தொடங்கிவிட்ட பேத்தி இன்சிராவும் அவ்வாறே சுகமாயிருக்க வேண்டுகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதியது கைப்பழக்கம், அக்கா. எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரி மஸ்னா என்னோடு பேசுவதில்லை. அசாம் பெடாஸ் மீன்குழம்புச் சட்டியை மேசையில் வைக்கும் சத்தத்தில்தான் அவள் மனநிலையைத் தெரிந்துகொள்கிறேன். முதலாளி கோ என்னைப் பார்த்தாலே நெற்றியைத் தேய்த்துக்கொள்கிறார்.

விஷயம் இதுதான். பேத்தி பிறந்ததற்கு நான் அனுப்பிய மின்தொட்டிலை, இந்தக் கடிதம் கண்ட உடனே, உத்தரத்துக் கொக்கியிலிருந்து கழற்றி, மோட்டார், ஸ்பிரிங், கைலித்துணி எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, கடிதம் கொண்டுவரும் லாரிக்காரன் சுடினிடம் கொடுத்துவிட வேண்டியது. இதைத் தொலைபேசியில் இரண்டே வாக்கியத்தில் சொல்லியிருப்பேன். நீங்கள்தான் என் அழைப்பை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்களே. "உன் குரலைக் கேட்டாலே என் கை தானா பர்சுக்குப் போகுது, நீ பேசவே பேசாதே" என்று போன பெருநாளில் சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னீர்கள். நியாயம்தான். மூட்டுவலி எண்ணெயும், பாதம் பிடித்துவிடும் இயந்திரமும், கைருலுக்குக் காலெல்லாம் கொப்புளம் போட்ட அந்தக் கடற்பாசிச் சோப்பும் என் எழுத்தை நம்பி நீங்கள் வாங்கியவை. விளம்பரம் எழுதிப் பிழைப்பவனுக்குச் சொந்த அக்காவே முதல் வாடிக்கையாளர் என்று பெருமைப்பட்டேனே தவிர, ஒரு நாள் நிஜத்தைச் சொல்ல வேண்டிவந்தால் யார் நம்புவார்கள் என்று யோசிக்கவில்லை.

தொட்டிலுக்கு நான் எழுதியது உங்களுக்கு மனப்பாடமாயிருக்கும். "தாயின் கை ஓயும், இது ஓயாது." கோ அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தவே வேண்டாம், பிள்ளையைப் படுக்கவைத்தால் எடையை அறிந்து தானே ஆடத் தொடங்கும், உங்கள் பிள்ளையின் எடையை நினைவில் வைத்துக்கொள்ளும், மின்சாரம் போனாலும் உள்ளே பேட்டரி இருக்கிறது, மூச்சு விடுவதுபோல மெல்ல ஏறி மெல்ல இறங்கி, வீடெல்லாம் அமைதி பரவ... பாருங்கள், மறுபடியும் விற்க ஆரம்பித்துவிட்டேன். இதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு என்னவென்றால், சில தொட்டில்களில் ஆட்டம் நிற்பதில்லை, வேகம் கூடிக்கொண்டே போகிறது. மலாக்காவில் ஒரு பிள்ளை துணியோடு சுழன்று கீழே விழுந்திருக்கிறது. கீழே மெத்தை கிடந்ததால் தப்பித்தது. உங்கள் வீட்டில் கொக்கிக்குக் கீழே சிமெண்டுத் தரை, அக்கா.

இன்னொரு கோளாறு, பிள்ளை இல்லாதபோதும் சில தொட்டில்கள் தாமாகவே ஆடுகின்றன. மஸ்னா பேச்சை நிறுத்தியது இதைக் கேட்ட பிறகுதான். நிறுத்துமுன் ஒன்று சொன்னாள்: "காலித் தொட்டிலை விளையாட்டுக்கு ஆட்டினாலே எங்க அம்மா கையில ஒண்ணு போடுவாங்க. நீங்க அதுக்கு மோட்டாரே வெச்சு வித்திருக்கீங்க."

முதலாளி எல்லாத் தொட்டில்களையும் திரும்பப் பெற முடிவு செய்தது நல்ல மனிதர் என்பதால்தான். ஆனால் அறிவிப்பை என்னை எழுதச் சொன்னாரே, அங்கேதான் சனி பிடித்தது. ஆபத்து என்ற சொல் வரக்கூடாது, கோளாறு என்ற சொல் வரக்கூடாது, ஜனங்கள் பயப்படாமல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றார். "உங்கள் தொட்டில் பிறந்த வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறது" என்று எழுதினேன். மறுநாள் தொழிற்சாலை வாசலில் திருவிழா. குடும்பம் குடும்பமாக வந்தார்கள், தொட்டிலுக்குப் பூ வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், கையோடு கொண்டுவந்த ஓத்தாக்-ஓத்தாக் மீன் பலகாரத்தை எங்களுக்கும் கொடுத்தார்கள், தொட்டிலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சிலர் தங்கைக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று என்று புதிதாக வேறு கேட்டார்கள். சரி, உள்ளதை உள்ளபடி எழுதுவோம் என்று இரண்டாவது அறிவிப்பில் "இது தானாக ஆடும்" என்று போட்டேன். தொலைபேசி ஓயவில்லை. எங்க வீட்டுத் தொட்டில் இன்னும் தானா ஆடலையே, அந்த வசதிக்கு மேற்கொண்டு எவ்வளவு ரிங்கிட் கட்டணும் என்று கேட்கிறார்கள். கோ நெற்றியைத் தேய்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

மூன்றாவது முறை, எவருக்கும் ஆசை வராதபடி ஒரே ஒரு வரி எழுதினேன்: "இது குழந்தை இல்லாமலும் ஆடும்." அதைப் படித்துவிட்டுத் தங்காக்கிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். சுத்தமாக உடுத்தியிருந்தார்கள், வெயிலில் பஸ் மாறி வந்த களைப்பு. திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். அந்த அம்மாள் தாழ்ந்த குரலில், "எங்களுக்குப் பிள்ளை இல்லைங்க. அந்த மாதிரி தொட்டில் ஒண்ணு கிடைக்குமா?" என்றார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் வாயைத் திறந்தால் விற்பனைதான் என்று பெயரெடுத்த நான் ரசீதுப் புத்தகத்தை மூடிவைத்தேன். இருப்பு இல்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன். பின்னால், அதே வரியைப் படித்துப் பயந்தவர்கள் திருப்பிக் கொடுத்த முப்பது தொட்டில் குவிந்து கிடந்தன.

அந்த முப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றைச் சோதிப்பதற்காகக் கிடங்கில் ஒரு நீள இரும்புக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறோம், துணிகளையும் அவிழ்க்காமல். வெள்ளிக்கிழமை நண்பகல், எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்ததால் நான் சீக்கிரம் திரும்பி, ஜன்னல்களைச் சாத்தக் கிடங்குக்குள் போனேன். கடைசித் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மற்றவை சும்மா தொங்கின. காற்று என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன். அது நிற்கவில்லை. துணியின் வாய் மூடியிருந்தது, வெளியே நீல வாத்துப் படம் போட்டிருந்தது, யாரோ ஆசையாகத் தேர்ந்தெடுத்த துணி. பயந்துபோய் எங்கள் மெக்கானிக் லிம்மைக் கூட்டிவந்தேன். லிம் எதற்கும் அசையாத ஆள். சென்சார் போய்விட்டது, எடை இல்லாமலே இருப்பதாக நினைத்துக்கொள்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மற்ற ஸ்பிரிங்கெல்லாம் சுருங்கியிருக்கிறதே, இது மட்டும் ஏன் உள்ளே பாரம் இருப்பதுபோல நீண்டிருக்கிறது என்று கேட்டேன். லிம் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து, "வா, முதல்ல சாப்பிடலாம்" என்றார். மீ பண்டோங் நூடுல்ஸ் வாங்கி இருவரும் சாப்பிடாமல் வைத்துவிட்டு வந்தோம்.

ஆகவே அக்கா, இது தம்பி விற்பதற்காக எழுதும் கடிதமில்லை. தொட்டிலைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறேன் என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. சனிக்கிழமை சுடினை அனுப்பினேன், பிள்ளை தூங்குது, அப்புறம் வா என்று கதவிடுக்கிலேயே சொல்லி அனுப்பிவிட்டீர்கள். நேற்றும் அனுப்பினேன். செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் போடச் சொன்னீர்களாம். பிள்ளை எப்போதும் தூங்கிக்கொண்டா இருக்கும்? எழுப்பினால்தான் என்ன, இரண்டு நிமிடம் அழுமா? அழட்டும். பழையபடி கைலியைக் கட்டிக் கையால் ஆட்டுங்கள், இல்லையென்றால் பாயில் போடுங்கள், நாமெல்லாம் பாயில் வளர்ந்தவர்கள்தானே. பதிலுக்கு ஒன்றும் தரமாட்டேன், தள்ளுபடி கிடையாது, இலவசம் கிடையாது, முந்துங்கள் என்று சொல்லவும் மாட்டேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். நிறுத்தி, பேட்டரியைப் பிடுங்கி, கழற்றிக் கொடுங்கள். இன்சிராவுக்கு ஏதாவது ஒன்று ஆனால் நான் எழுதின ஒவ்வொரு வார்த்தையும் என்னைச் சும்மா விடாது.

உங்கள் சர்க்கரைக்கு மருந்து தவறாமல் சாப்பிடவும். கைருலுக்கும் சுஹைலாவுக்கும் என் அன்பு, பேத்திக்கு என் முத்தங்கள். மஸ்னாவும் ஸலாம் சொல்லச் சொன்னாள் என்று எழுதுகிறேன். சட்டியை வைத்த சத்தத்தில் அப்படித்தான் தெரிந்தது. உங்கள் வீட்டில் வெளிச்சமும் பரக்கத்தும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கடைசித் தம்பி
ஜுராய்மி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சுஹைலா தொலைபேசியில் கூப்பிட்டாள். சுடின் வெளியே ஹாரன் அடிக்கிறான், ஆனாலும் இதை எழுதியே ஆகவேண்டும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, நாங்க மூணு பேரும் போன வாரமே சிகாமட்டுக்கு எங்க அம்மா வீட்டுக்கு வந்துட்டோம். தொட்டில் தானா ஆடுறதைப் பார்த்து எனக்குப் பயமாயிடுச்சு. அத்தையையும் கூப்பிட்டோம். தூங்குற பிள்ளையை விட்டுட்டு எப்படிம்மா வர்றதுன்னு கேக்குறாங்க. அப்போ இன்சிரா என் இடுப்புலதான் இருந்தா, மாமா."

பிறகு, "அத்தை தொட்டிலைப் பார்த்து ஃபௌசி, ஃபௌசின்னு கூப்பிடுறாங்களே, அது யாரு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அக்கா, நம் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. தனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தான் என்பது கைருலுக்கே தெரியாது. காய்ச்சலில் போனபோது அவனுக்கு உட்காரக்கூடத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் தொட்டில் கயிறு என் கையில்தான் இருக்கும். நீங்கள் அவனைப் பற்றி ஒருநாளும் பேசாததால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு மடையன் நான்.

மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். எதையும் கழற்ற வேண்டாம், சுடினிடம் எதையும் கொடுக்க வேண்டாம். நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் மின்சாரம் போய்ப் பேட்டரியும் தீர்ந்து தொட்டில் நின்றுபோனால் பதறாதீர்கள், அக்கா. நான் வந்து கையால் ஆட்டுகிறேன்.