ஒரு ஸ்பார்க் பிளக்கின் பணியிட மாற்றம்

உலகத்தில் திருத்த முடியாதது என்று எதுவுமே இல்லை, எல்லாக் கோளாறுக்கும் மருந்து இடமாற்றம்தான் என்ற மாபெரும் தத்துவத்தை நிர்வாகத் துறைக்கு அருளியவர், அலுவலகத்தில் 'மாற்றல் மன்னர்' என்று அன்போடும் வேறு சில உணர்ச்சிகளோடும் அழைக்கப்பட்ட பணியாளர் பிரிவு அதிகாரி. ஓய்வு பெற்றும் அந்தப் பேரறிவு துருப்பிடிக்கவில்லை. துருப்பிடித்தது அவருடைய கார்தான்.

அன்று காலை அது ஜுரம் கண்டதுபோல் உதறியது. மனைவிக்குக் கண் ஆபரேஷன். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது கிடைக்க மாதக்கணக்கில் ஆகும்.

"ஏங்க, டாக்ஸி கூப்பிடவா?"

"வீட்டுல ஒரு நிர்வாகி இருக்கறப்ப டாக்ஸியா?"

மன்னர் கையுறை மாட்டிக்கொண்டு 'விசாரணை'யைத் தொடங்கினார். என்ஜின் ஓடும்போதே நான்கு சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக் ஒயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றியதும் என்ஜின் இன்னும் தள்ளாடியது. ஆக, அது உழைக்கிறது. இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினார். ஒரு வித்தியாசமும் இல்லை.

"பார்த்தியா? இவன் வந்தாலும் வராட்டியும் ஆபீஸ் ஒரே மாதிரி நடக்குது. இவன்தான் தூங்கறவன்!"

"கண்டுபிடிச்சாச்சுல்ல? கிளம்பலாமா?"

"இரு. குத்தம் இடத்துலயா, ஆள்கிட்டயான்னு பார்க்கணும்."

என்ஜினை நிறுத்தி, மூன்றாவதின் ஸ்பார்க் பிளக்கை முதலாவதிலும் முதலாவதினுடையதை மூன்றாவதிலும் போட்டார். விரல் சுட்டதைக் கடமையின் கூலியாக ஏற்றுக்கொண்டார். மறுபடி ஓட விட்டதும் மூன்றாவது சிலிண்டர் சுறுசுறுப்பாகிவிட்டது. முதலாவது படுத்துவிட்டது.

"பிளக்தான் கோளாறு. ருசுவாயிடுச்சு!"

"அப்ப அதைத் தூக்கி எறிஞ்சிட்டு, முக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில புதுசு வாங்கிட்டு வாங்க."

"எறியறதா?" மன்னர் பதறினார். "என் சர்வீஸ்ல ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பினதில்ல. அதுக்குச் சூழ்நிலை ஒத்துவராம இருக்கலாம். இரண்டாவதுல போட்டுப் பார்ப்போம்."

இரண்டாவது படுத்தது. பிறகு நான்காவது படுத்தது. ஒவ்வொரு முறையும் பழைய இடம் சீரானதை மட்டும் அவர் 'முன்னேற்றம்' என்று அறிவித்தார். பிளக் சுற்றிச் சுற்றி மூன்றாவதற்கே திரும்ப இருந்த நேரத்தில், மனைவி கூப்பிட்ட டாக்ஸி வாசலில் நின்றது. அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மன்னர் பிளக்கும் கையுமாக ஓடி வந்தார்.

"இதை மட்டமா நினைக்காதே! என்னையே எடுத்துக்கோ. பணியாளர் பிரிவுக்கு வர்றதுக்கு முன்னாடி கணக்குப் பிரிவு, கிடங்கு, கொள்முதல், நான் போகாத பிரிவு உண்டா? போன இடத்துல எல்லாம், 'உங்க திறமை பக்கத்துப் பிரிவுக்குத்தான் தேவை'ன்னு கை தட்டி அனுப்பி வச்சாங்க!"

மனைவி அந்தக் கரி பிடித்த பிளக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, நீங்க கிளம்பினப்புறம் அந்தப் பிரிவெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"பிரமாதமா ஓடிச்சு!" என்றார் மன்னர், நெஞ்சை நிமிர்த்தி.

டாக்ஸி தெருமுனை திரும்பிய பிறகுதான், தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.