கவிழ்ந்ததை நிமிர்த்தும் ரைட் அண்ணன்

மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தேடினாலும், கவிழ்ந்து கிடக்கும் பொருளைக் கண்டால் நிமிர்த்தாமல் தாண்டிப் போக முடியாத மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் ரைட் அண்ணன். கல்யாண வீட்டு வாசலில் புரண்டு கிடக்கும் செருப்பு, கடை முன்னால் சரிந்த சைக்கிள், மல்லாந்து கால் உதைக்கும் வண்டு, எதுவானாலும் சரி, குனிவார், நிமிர்த்துவார், "ரைட்" என்பார், போய்விடுவார்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் அடையாள அட்டைக்கும் மட்டுமே தெரியும். கல்முனைப் பாதையில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் இருபத்தைந்து வருடம் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் அந்தச் சொல் மட்டும் வாயை விட்டு இறங்கவில்லை.

ஒருமுறை வாகரையில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். கரையில் ஒரு தோணி குப்புறக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் அடிப்பக்கத்துக்குத் தார் பூசிக் காயவிட்டிருந்தார். அண்ணனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார், தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டார், தோணியைப் புரட்டி நிமிர்த்தி "ரைட்" சொல்லிவிட்டார். காயாத தார் முழுக்க மணல். சொந்தக்காரர் ஓடிவந்து போட்ட சத்தத்தில் கல்யாண வீட்டு நாதஸ்வரம் நின்றுவிட்டதாம்.

"மணல் ஒட்டினா நல்லம்தானே தம்பி, இனி வழுக்காது" என்று அண்ணன் சமாதானம் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் தலையிட்டிராவிட்டால் அன்றைக்கு அவரையே யாராவது கவிழ்த்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட ஒருவருக்கென்றே உலகத்தில் ஒரு வேலை இருந்தது. அது எங்களிடம் இருந்தது.

ஓட்டமாவடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ரியாஸ், கத்தாரிலிருந்து திரும்பும்போது இரண்டு ரிமோட் கார்களைக் கொண்டுவந்தான். பிள்ளைகள் விளையாடும் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கை நீளம், பெற்றோல் எஞ்சின், குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரிச் சத்தம், நேரான பாதையில் மோட்டார் சைக்கிளை முந்தும் வேகம். அவனைப் பார்த்து நான் ஒன்று வாங்கினேன். என்னைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் வாங்கினார். கடைசியில் எட்டுப் பேர் சேர்ந்தோம். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். தேற்றாத்தீவில் வாவியோர வெளியொன்றில் பழைய டயர்களை வைத்துப் பாதை போட்டு, பீப்பாய்களின் மேல் பலகை அடுக்கி மேடை கட்டி, ஞாயிறு மாலைகளில் ரேஸ் விட்டோம்.

ஓட்டுகிறவர்கள் ரிமோட்டோடு மேடையில் நிற்க வேண்டும், இறங்கக் கூடாது. ஆனால் கார்கள் வளைவுக்கு வளைவு கவிழும். யாராவது ஒருவர் வளைவில் நின்று ஓடிப்போய் நிமிர்த்தி விடவேண்டும். அவருக்கு மார்ஷல் என்று பெயர். பெயர்தான் பெரிது. கிடைப்பதெல்லாம் வெயிலும் புழுதியும் மேடையிலிருந்து வரும் ஏச்சும்தான். அதனால் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் பிடிப்போம்.

அப்படி ஒரு ஞாயிறு. என் கார் வாவிப்பக்க வளைவில் மல்லாந்து சில்லுகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைய மார்ஷல் மருந்துக்கடைக்காரர், அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த வழியால் சைக்கிளில் போன ஒருவர் இறங்கினார். குளிப்பாட்டின குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் காரைத் தூக்கினார். சரியான திசைக்குத் திருப்பி வைத்தார்.

"ரைட், போ!"

அந்தக் குரலுக்கு என் விரல் தானாகவே விசையை அமுக்கிவிட்டது. அடுத்த ஞாயிறு நாங்கள் போவதற்கு முன்பே அவர் கழுத்தில் விசிலோடு வளைவில் நின்றார். பிறகு நாங்கள் சீட்டுக் குலுக்கவில்லை.

அண்ணனிடம் சட்டம் கடுமை. எந்த இடத்தில் கவிழ்ந்ததோ அந்த இடத்தில்தான் வைப்பார், ஒரு சாண் முன்னுக்கு வைக்கமாட்டார். முதலில் விழுந்தது முதலில் எழும்பும். இரண்டு பக்கமும் பார்க்காமல் பாதையில் கால் வைக்கமாட்டார். ரியாஸின் கார்தான் அதிகம் கவிழும், ரியாஸுக்குத்தான் பொறுமையும் குறைவு.

"அண்ணே, சுறுக்காப் பிரட்டுங்க! எல்லாரும் முந்திப் போறாங்க!"

"பொறு தம்பி. வாகனம் வருகுது. பாக்காம இறங்க ஏலாது."

ரியாஸ் வேறு வழி பார்த்தான். அடுத்த வாரம் வீட்டிலிருந்து சுடச்சுட நாலு இறைச்சி ரோல்ஸ் கொண்டுவந்து அண்ணனுக்கு மட்டும் கொடுத்தான். அண்ணன் நாலையும் சாப்பிட்டார். இரண்டாவது சுற்றிலேயே ரியாஸின் கார் கவிழ்ந்தது. மேடையிலிருந்து அவன் உரிமையோடு பார்த்தான்.

"ரோல்ஸ் நல்லம் தம்பி," என்றார் அண்ணன், பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தபடி. "பொறு."

ஒரு நாள் ரேஸ் நடுவில் மாட்டுக் கூட்டம் ஒன்று பாதைக்குள் நுழைந்துவிட்டது. நாங்கள் கத்தினோம், கல்லெறிந்தோம், ஒன்றும் அசையவில்லை. அண்ணன் நடந்து போனார். "பின்னுக்குப் போ! பின்னால இடம் இரிக்கி! வாசல்ல நிக்காத!" என்றார். மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னுக்குப் போயின. கல்முனை பஸ்ஸில் மனிதர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

இவ்வளவு காலமாக எங்கள் கார்களை நிமிர்த்துகிறவர் ஒரு தரமாவது ஓட்டிப் பார்க்கட்டும் என்று எங்களுக்கு ஆசை வந்தது. அண்ணன் மறுத்தார்.

"நான் கண்டக்டர். ஓட்டுறது என்ட வேலை இல்ல."

விடவில்லை. ரியாஸ் தன் இரண்டாவது காரைக் கொடுத்தான். அண்ணனின் மனைவி பிளாஸ்கில் கோப்பி ஊற்றிக்கொண்டு பார்க்க வந்தார். அன்றைக்கு வெல்பவருக்கு ஒரு கப் கூட வாங்கி வைத்திருந்தோம். மார்ஷல் வேலை மறுபடி மருந்துக்கடைக்காரரின் தலையில் விழுந்தது.

அண்ணன் பஸ் ஓடுவதுபோல் ஓட்டினார். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தார். முதல் சுற்றில் எங்களுக்கெல்லாம் சிரிப்பு. ஆனால் அவசரப்பட்ட நாங்கள் ஒவ்வொருவராகக் கவிழ்ந்தோம். மருந்துக்கடைக்காரர் குளிசை எண்ணுகிற வேகத்தில் வந்து நிமிர்த்தினார். கடைசிச் சுற்றுக்கு வரும்போது பார்த்தால், அண்ணன் முதலாவது! நான் இரண்டாவது. ரியாஸ் கொஞ்சம் பின்னால்.

எனக்கு விட மனம் வரவில்லை. வாவிப்பக்க வளைவில் அவரை முந்தப் பார்த்தேன். டயரில் அடிபட்டு என் கார் இரண்டு தரம் உருண்டு மல்லாந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணில் விழுந்த புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனின் காருக்கு எல்லைக்கோடு கூப்பிடு தூரம். அமுக்கிப் பிடித்தால் முடிந்தது.

அண்ணன் கோட்டைப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த என் காரைப் பார்த்தார். ரிமோட்டை மெதுவாகப் பலகையில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி ஓடினார்.

"எங்க போறீங்க? வெல்லப் போற நேரத்தில!" என்று மனைவி கத்தினார்.

"வேணாம் அண்ணே!" என்று நானும் கத்தினேன். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்: விரலை விசையிலிருந்து எடுக்கவில்லை. அவர் சீக்கிரம் நிமிர்த்த வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன்.

அன்றைக்கு மட்டும் அவர் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. புழுதிக்குள்ளிருந்து ரியாஸின் கார் முழு வேகத்தில் வந்து கணுக்காலில் அடித்து நின்றது. மேடைவரைக்கும் கேட்டது அந்தச் சத்தம். அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடி என் காரை நிமிர்த்தினார். திசை பார்த்து வைத்தார்.

"ரைட், போ."

என் விரல் அசையவில்லை.

"என்ன பாக்கிறாய்? போ எண்டாப் போகணும்! பாதைய மறிச்சிட்டு நிக்காத!"

அந்த ஏச்சுக்குப் பயந்து ஓட்டினேன். கோட்டைத் தாண்டினேன். வென்றேன். அந்தக் கப் எங்கள் வீட்டு அலுமாரியில் உடுப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது.

ரியாஸ் அழுதுகொண்டே அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். "அழாத தம்பி," என்றார் அண்ணன். "வாகனத்தில பிழை இல்ல. நான்தான் பாக்காம இறங்கினன்." பக்கத்தில் இருந்த மனைவி, "ஒரு நாளாவது நான் விழுந்தா இப்பிடி ஓடி வந்திருப்பீங்களா?" என்று கேட்டார். அண்ணன் யோசித்தார். "நீ விழுந்தா எனக்குத் தூக்க ஏலாது" என்றார். கால் முறிந்த மனிதரைச் சுற்றி இருந்து எல்லோரும் சிரித்த ஆட்டோ அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் எலும்பில் முறிவு. முழங்கால்வரை பிளாஸ்டர் போட்டு, ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது என்றார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் வாவியோர வெளிக்குப் போனோம். கார்களை இறக்கி வைத்தோம். வளைவைப் பார்த்தோம். ஒருவரும் பெற்றோல் போத்தலைத் திறக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். அதற்கடுத்த ஞாயிறு தேநீர் குடிக்கவும் போகவில்லை.

நானும் ரியாஸும் அவரைப் பார்க்கப் போனோம். முற்றத்தில் கதிரை போட்டு, இன்னொரு கதிரையில் காலை நீட்டி இருந்தார். நாங்கள் உட்காருமுன்பே கேட்டார்:

"ரேஸ் எப்பிடிப் போகுது? ஆரு மார்ஷல் நிக்கிற?"

எங்களால் ஓட முடியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? என் காலுக்காக ரேஸை நிப்பாட்டினீங்களா என்று ஏசுவார். நான் ரியாஸைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"வெளியெல்லாம் ஈரம் அண்ணே," என்றான். "கார் ஓட ஏலாது."

கச்சான் காற்று சுழன்றடிக்கும் காலம் அது. மூன்று மாதமாக ஒரு துளி மழை இல்லை. அவர் முற்றத்திலேயே புழுதி எழும்பி எங்கள் மூவரின் மேலும் படிந்துகொண்டிருந்தது. அண்ணன் அந்தப் புழுதியைப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஓம், ஓம்," என்றார். "ஈரம் காயட்டும். மறுகா ஓடுவம்."