ஆலிம் வீட்டுக் கேள்வி தபாலில் போன கதை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும், அச்சுப்பிழை திருத்தும் அந்த அப்பாவிக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தருவானாக. நாங்கள் இங்கு நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன்.

தங்கள் இதழில் பெண்களின் சுத்தம், நோன்பு பற்றிய சந்தேகங்களுக்குப் பதில் எழுதும் ஆலிம் என் கணவர். மாதவிடாயில் விட்ட நோன்பைப் பிறகு நோற்க வேண்டும், விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை என்பதை அவரைப் போலப் பளிச்சென்று சொல்ல ஆள் கிடையாது. ஆனால் வீட்டில் நான், "ஏங்க, எனக்கு இந்தத் தடவை நிக்கவே மாட்டேங்குது" என்று வாயைத் திறந்தால் போதும், மனிதருக்குக் காது சிவந்துவிடும். "பால்காரன் வந்துட்டானான்னு பாரு" என்பார். பால்காரன் காலையிலேயே வந்து போயிருப்பான்.

வேறு வழி தெரியாமல் போன மாதம் தங்களுக்கே ஒரு கேள்வி எழுதிப் போட்டேன். கையெழுத்து தெரியக்கூடாதென்று இடது கையால் எழுதி, 'பெயர் வெளியிட விரும்பாத சகோதரி' என்று முடித்தேன். தாங்கள் அதை இவருக்கே அனுப்பிவைத்தீர்கள். மார்க்கக் கிதாபுகளைக் கூடம் முழுக்கப் பரப்பிக்கொண்டு அன்று இவர் பட்ட பாடு! "பாவம், யாரோ ஒரு பொண்ணு, ரொம்ப நாளா உதிரம் நிக்கலையாம், நோன்பு கூடுமா கூடாதான்னு தவிக்குது" என்று என்னிடமே சொல்லிக் கண்ணைத் துடைத்தார். எனக்குத் தலை சுற்றிச் சுவரைப் பிடித்தேன். "கைய எடு, இப்பத்தான் வெள்ளையடிச்சது" என்றார்.

பதில் அருமை. மார்க்கம் வகுத்த நாளெல்லையைத் தாண்டி நீடிப்பது நோயின் உதிரம். குளித்துவிட்டு, ஒவ்வொரு வேளைக்கும் முகம் கை கால் கழுவி உளூச் செய்து தொழலாம், நோன்பும் நோற்கலாம். உடம்பு தாங்காவிட்டால் நோயாளிக்குள்ள சலுகை உண்டு. கடைசியில், "சகோதரியே, கணவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போவது அவர் கடமை. அலட்சியம் செய்தால் அல்லாஹ்விடம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தார். சிரித்தேன், அப்புறம் அழுதேன். முன்பின் தெரியாத ஒருத்திக்கு இவ்வளவு இரங்குகிற மனுஷனை எப்படி வெறுக்கிறது? கல்நெஞ்சு என்றால் சண்டை போடலாம், இது வெறும் வெட்கம். மார்க்கம் கேட்க வெட்கம் கூடாதென்று மேடையில் முழங்குகிறவருக்கு வீட்டுக்குள் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்கும் பயம்தான். என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. யாரிடமும் காட்டாமலே விட்டுவிட்டாள். இப்போது அவள் இல்லை.

ஆகவே, கேள்வி கேட்டவள் பதில் எழுதியவரின் மனைவிதான் என்று அடுத்த இதழில் ஒரு வரி போட்டுவிடுங்கள். தங்கள் இதழில் வந்தால் நம்புவார். இந்தக் கடிதம் மட்டும் எக்காரணம் கொண்டும் அவர் கண்ணில் படவே கூடாது.

தங்கள் பணி சிறக்க துஆச் செய்யும்,
அதே சகோதரி.

பி.கு.: அந்த வரியைப் போட வேண்டாம். 'அலட்சியம்' என்பதற்கு எந்த 'ல' என்று சந்தேகம் வந்து, பழக்கதோஷத்தில் கடிதத்தை அவரிடமே நீட்டிவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கே" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இந்த வாரம் அவர் பதில்கள் வந்து சேராது, மன்னிக்கவும். வாசலில் வாடகைக் கார் நிற்கிறது. தெருவே கேட்கும்படி டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "என் பொண்டாட்டிக்கு உதிரம் நிக்கலைப்பா, பள்ளம் பார்த்து மெதுவா ஓட்டு."