பாக்தாத் பூதமும் ஓடுகிற சுளுக்கும்

வருகிற ஞாயிற்றுக்கிழமை வானமே இடிந்து விழுந்தாலும் வாசுதேவநல்லூருக்குப் போவதில்லை என்று சுயம்புலிங்கம் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்தது கடையில் உட்கார்ந்து. வீட்டுக்குள் போய் அதைச் சொல்லும் தைரியம்தான் ஒரு வாரமாக வரவில்லை.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. இந்தப் பக்கம் சங்கரன்கோவில் நெசவாளர்கள் மதிக்கிற நூல் கடை முதலாளி. அந்தப் பக்கம் ஆவுடையம்மாளின் புருஷன். கதவைத் தாண்டும்போதே அவருடைய குரல் பாதியாகக் குறைந்துவிடும்.

வாசுதேவநல்லூரில் ஆவுடையம்மாளின் அண்ணன் சங்கரலிங்கம் புது வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறார். காலையில் பால், மதியம் சாப்பாடு, அன்றைக்கு அங்கேயே தங்கல். அதே ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குப் பருத்திப் பேட்டைத் திடலில் கடைசிக் குஸ்தி. காஷ்மீர் கேசரிக்கும் பாக்தாத் பூதத்துக்கும். பத்து நாளாக ஊரில் வேறு பேச்சு கிடையாது.

சுயம்புலிங்கம் பிறந்ததிலிருந்து யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை. நூல் மூட்டையைக்கூட ஆள் வைத்துத்தான் இறக்குவார். ஆனால் மதுரைக்கு இரண்டு தடவை போய்க் குஸ்தி பார்த்தவர், பத்திரிகையில் வந்த பயில்வான் படங்களைக் கத்தரித்துக் கடை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருப்பவர். அதனால் குஸ்தி விஷயத்தில் ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். நூல் வாங்க வருகிறவர்கள் நூலை மறந்துவிட்டு நிற்பார்கள்.

நிஜமான பயில்வானுக்குக் கழுத்தே இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்க வேண்டும். கழுத்து உள்ளவனெல்லாம் வேடிக்கை காட்ட வந்தவன். கேசரிக்குக் கழுத்து கிடையாது. எதிராளி கீழே விழுந்தால் அடிக்க மாட்டான், இரண்டடி தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அது தர்மம். பூதமோ நடுவர் திரும்பின நேரம் பார்த்து மண்ணை அள்ளிக் கண்ணில் போடுவான், காதைக் கடிப்பான். மனுஷ பாஷை தெரியாது, உறுமல் மட்டும்தான். ஒரு வேளைக்கு ஒரு முழு ஆடு, நாற்பது முட்டை. இதையெல்லாம் சுயம்புலிங்கம் கூடவே இருந்து பரிமாறினவர் மாதிரிச் சொல்லுவார்.

தறிக்காரர் ஆறுமுகச்சாமி ஒருவர்தான் நம்பாதவர்.

"எல்லாம் முன்னாலேயே பேசி வச்சுக்கிட்டு விழுதானுவ, அண்ணாச்சி."

"ஆறடி ஒசரத்துல இருந்து மல்லாக்க விழுறதுக்கு எவனாவது பேசி வப்பானா வே? உம்மகிட்டப் பேசுதேன், நீரு விழும் பாப்போம்."

முந்தின ஆட்டங்கள் மூன்றையும் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் சுயம்புலிங்கம் பிடி பிடியாக விளக்கியபோது கடை வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. திங்கட்கிழமை காலையிலும் அந்தக் கூட்டம் வரும். கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கேட்கும். நான் மச்சினன் வீட்டில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன் என்று அந்தக் கூட்டத்திடம் சொல்வதா?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் திட்டத்தை ஆரம்பித்தார். நூல் கட்டு ஒன்றைத் தூக்குவது போலக் குனிந்து நின்றார். நடுக் கதவில் ஆவுடையம்மாளின் தலை தெரியும் வரை அப்படியே காத்திருந்தார். தெரிந்ததும், "அம்மா" என்று தெரு திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் அலறல். இடுப்பில் சுளுக்கு. மூட்டை முடிச்சோடு பஸ்ஸில் ஏற முடியாது. மறுநாள் ஆவுடையம்மாள் மட்டும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போவாள். மூன்றரை மணிக்குச் சுளுக்கும் கிளம்பிப் போகும்.

ஆவுடையம்மாள் எதையோ சொல்ல வந்தவள், சொல்லாமல் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கையிலிருந்த காகிதங்களை இடுப்பில் செருகிக்கொண்டு, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். வலப் பக்கம் என்றார்.

அவரைக் கைத்தாங்கலாக உள்ளே படுக்க வைத்தாள். கோவிலுக்குப் போய்ப் புற்று மண் வாங்கி வந்து, குழைத்து, வலப் பக்கம் முழுக்கப் பூசினாள். அரை மணி நேரத்தில் அது காய்ந்து இழுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு தயிர்க்காரி பிச்சம்மாளைக் கூட்டி வந்தாள். பிச்சம்மாள் தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் மூன்று தடவை மிதித்துவிட்டால் எந்தச் சுளுக்கும் நிற்காது. அந்தத் தெருச் சுளுக்கெல்லாம் அவள் காலுக்குத்தான் பயந்து கிடந்தது. வழக்கமாகப் பூப் போலத் தொட்டு எடுப்பாள். அன்றைக்கு ஆவுடையம்மாள் அவள் காதில் ஏதோ சொன்னாள். பிச்சம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று மிதி மிதித்தாள். மூன்றாவது மிதியில் சுயம்புலிங்கத்துக்கு வாசுதேவநல்லூரே பரவாயில்லை என்று தோன்றியது.

ஆனாலும் விடவில்லை. "வலி அப்படியே இருக்கு ஆவுடை. நீ மட்டும் போயிட்டு வா. நான் எப்படியோ சமாளிச்சுக்கிடுதேன்" என்றார், தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"உங்களை இந்தக் கோலத்துல போட்டுட்டு நான் பாயசம் குடிக்கப் போவேனா? நாங்க வரலைன்னு கண்டக்டர்கிட்ட அப்பவே அண்ணனுக்குச் சொல்லி விட்டுட்டேன். நாளைப் பூரா உங்க பக்கத்துலதான் இருப்பேன்."

சுயம்புலிங்கத்துக்கு இப்போது உண்மையாகவே எங்கெங்கோ வலித்தது.

விடிந்தது. காலை முழுக்கப் படுத்துக்கொண்டே கணக்குப் போட்டார். பதினோரு மணி பஸ் போய்விட்டால் பிறகு வாசுதேவநல்லூர் பேச்சுக்கே இடமில்லை. அந்த பஸ்ஸின் ஹாரன் சத்தம் ரத வீதியைத் தாண்டித் தேயும் வரை பொறுத்திருந்தார். பிறகு எழுந்து நின்றார். இரண்டு எட்டு வைத்துக் காட்டினார்.

"புற்று மண்ணோட மகிமையே மகிமை. வலி போன இடம் தெரியல. சாயங்காலமா அப்படியே காலார நடந்துட்டு வாரேன்."

"ஐயையோ, இப்படி விட்டு விட்டு வலிக்கதுதான் ஆபத்து" என்றாள் ஆவுடையம்மாள். "ஆமினா வீட்டுக்கு ஒருத்தரு வந்திருக்காரு. சுளுக்கு எடுக்கதுல சூரராம். ஒரு நிமிஷம் இருங்க."

ஆமினாள் பக்கத்து வீட்டு யாகூபின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்று. ஆவுடையம்மாள் கொல்லைப் பக்கம் போனாள். போன வேகத்தில் திரும்பினாள். பின்னாலேயே வாசலில் வெளிச்சம் மறைந்தது. வந்தவர் நிலைப்படியில் குனிந்து, பிறகு பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே நுழைய முடிந்தது. அந்தத் தாடி. அந்த நெற்றித் தழும்பு. சாட்சாத் பாக்தாத் பூதம்.

சுயம்புலிங்கம் கட்டிலோடு ஒட்டிக்கொண்டார். பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, பூதத்துக்கும் கழுத்து கிடையாது.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. குப்புறப் படுங்க" என்றது பூதம், சுத்தமான கடையநல்லூர்த் தமிழில்.

பெயர் சலாவுதீன். ஆமினாளின் சாச்சி மகன், அதாவது சித்தி மகன். சின்ன வயதில் பினாங்குக்குப் போய், அங்கே மூட்டை தூக்கி, பிறகு குஸ்தி கம்பெனியில் சேர்ந்தவர். கம்பெனிக்காரன் பாக்தாத் என்று போட்டுவிட்டதால் ஊருக்குள் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பத்து நாளாகப் பக்கத்து வீட்டில்தான் சாப்பாடு. ஆடும் கிடையாது, முட்டையும் கிடையாது. வயிற்றில் புண். ஆவுடையம்மாள்தான் தினமும் கொல்லை வழியாக மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இவ்வளவும் தன் வீட்டுப் பின்பக்கத்தில் நடந்துகொண்டிருக்க, தான் முன்பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது முட்டை எண்ணிக்கொண்டிருந்ததை நினைத்து அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"சுளுக்கு எங்கன இருக்கு அண்ணாச்சி?"

பயத்தில் ஞாபகம் குழம்பிவிட்டது. "இடப் பக்கம்" என்றார்.

"நேத்து வலப் பக்கம்னிய" என்றாள் ஆவுடையம்மாள்.

சலாவுதீன் விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்திப் பார்த்தார். ஆவுடையம்மாளை ஒரு தடவை பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"இது ஓடுத சுளுக்கு மதினி. ரொம்பப் பொல்லாதது. ஒரு பக்கம் பிடிச்சா மறு பக்கம் ஓடிரும். ரெண்டு பக்கமும் சேத்துக் கட்டணும்."

பிறகு நடந்ததைச் சுயம்புலிங்கம் யாரிடமும் சொன்னதில்லை. அலமாரிக் கதவில் படமாக மட்டும் பார்த்திருந்த பிடிகள் ஒவ்வொன்றும் அவர் உடம்புக்கு வந்து சேர்ந்தன. கடைசியில் இரண்டு பழஞ்சேலைகளைக் கொண்டு தோளிலிருந்து முழங்கால் வரை இறுக்கிச் சுற்றினார் சலாவுதீன். நூல் கடைக்காரர் நூல்கண்டாகக் கிடந்தார். பொழுது அடைகிற வரைக்கும் அசையக் கூடாது, அசைந்தால் சுளுக்கு மறுபடி ஓடிவிடும் என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டதென்று பூதம் திடலுக்குப் புறப்பட்டது.

மூன்றரை மணிக்கு ஆவுடையம்மாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "சலாவுதீன் தம்பி ரெண்டு பாஸு குடுத்துச்சு. வீணாப் போகுதேன்னு நானும் ஆமினாவும் போயிட்டு வாரோம். பெண்களுக்குத் தனியா தட்டி கட்டி இடம் விட்டிருக்காவளாம். உங்களுக்குத் துணைக்கு யாகூப் அண்ணன் இருப்பாரு."

யாகூபுக்குக் குஸ்தியில் நாட்டம் கிடையாது. விசிறியோடு வந்து உட்கார்ந்தார். கட்டை அவிழ்த்து விடச் சொல்லிச் சுயம்புலிங்கம் கெஞ்சினார். "அவன் கட்டின கட்டை நான் அவுக்க மாட்டேன் அண்ணாச்சி. திரும்பி எங்க வீட்டுக்குத்தானே சாப்பிட வருவான்" என்று சொல்லிவிட்டார் அவர். நாலரை மணிக்குத் திடலிலிருந்து ஒரு பெரிய ஆரவாரம் கேட்டது. யார் விழுந்தது? என்ன பிடி? தெரிய வழியில்லை. சுயம்புலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கை இல்லாததால் யாகூப் துடைத்துவிட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆவுடையம்மாள் வந்தாள். கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள்.

"யாரு ஜெயிச்சா?" என்றார் ஈனக் குரலில்.

"கேசரிதான். ஆனா ஆட்டம் பூரா பூதத்தோடது. தூக்கப்படுதவன் சமயத்துல எவ்விக் குடுத்தாத்தான் தூக்குதவன் தூக்க முடியும். பிறகு ஒரு விஷயம், அந்தக் கேசரி கையைக் கட்டிட்டு ஒதுங்கி நிக்கான் பாத்தியளா, அது தர்மமும் இல்ல ஒண்ணும் இல்ல. அவனுக்கு மூச்சு வாங்குது. முன் வரிசையில இருந்து பாத்தா நெஞ்சு துடிக்கது தெரியுது."

முப்பது ஆட்டம் பார்த்தாலும் சுயம்புலிங்கத்துக்குத் தோன்றியிருக்காத விஷயம் அது. அப்போது அவள் பெட்டியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து அவர் கையில் வைத்தாள். பந்தல் போட ஆள் கிடைக்கவில்லை, பால் காய்ச்சுவதை வருகிற வெள்ளிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறேன் என்று சங்கரலிங்கம் எழுதியிருந்தார்.

"இது எப்ப வந்துது?"

"நேத்துக் காலையில. இதையும் ரெண்டு பாஸையும் காட்டி, நம்ம ரெண்டு பேருமாப் போவோம்னு சொல்லத்தான் கடைக்கு வந்தேன். நீங்க அம்மான்னு கத்திட்டிய."

"கண்டக்டர்கிட்டச் சொல்லி விட்டேன்னியே."

"நீங்க சுளுக்குன்னிய, நான் கண்டக்டர்ன்னேன்."

திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் சைக்கிள்கள் நின்றன. போகட்டும், அவள் சொன்னதையாவது தான் பார்த்தது போலச் சொல்லிவிடலாம் என்று சுயம்புலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்து, "கேசரி கையைக் கட்டிட்டு நின்னான் பாருங்க" என்று ஆரம்பித்தார்.

ஆறுமுகச்சாமி அவரைத் தாண்டி நடுக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மதினி இருக்காகளா?"