எங்கள் வீட்டு நிலநடுக்க ஒத்திகை

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் இன்று நடந்ததைச் சொல்லும் அவசரம் எனக்கு. சுகத்தையெல்லாம் என் சார்பில் நீயே விசாரித்துக்கொள்.

நான் இயற்கைப் பேரிடர் பற்றி முதுகலை படிக்கிறேன் அல்லவா, வீட்டில் ஒரு நிலநடுக்க ஒத்திகை நடத்தி அறிக்கை தரச் சொன்னார் பேராசிரியர். முன்கூட்டியே சொன்னால் அது ஒத்திகை இல்லை, நாடகம் என்றார். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து, கூடத்தில் நின்று, "பூகம்பம், எல்லாரும் கீழ இறங்குங்க" என்று கத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முதல் ஆளாகப் படியிறங்கினேன். அக்கா, பிரமாதமாக வந்தார்கள். மாமியார் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, மூக்குக்கண்ணாடியும் பிரஷர் மாத்திரையுமாக வந்தார். இவர் லேப்டாப்போடு வந்து, மவுஸை விட்டுவிட்டேன் என்று திரும்பி ஓடப் பார்த்தார். மாமனார் கையில் ஒரு தலையணை. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. நல்ல வேகம், நல்ல ஒழுங்கு என்று நான் குறித்துக்கொண்டிருக்கும்போது மாமனார்தான் கேட்டார், "பாப்பா எங்கம்மா?"

நான் மாமியாரைப் பார்த்தேன், மாமியார் இவரைப் பார்த்தார், இவர் லேப்டாப்பைப் பார்த்தார்.

படியேறி ஓடியது எதுவும் நினைவில்லை. பாப்பா தொட்டிலில் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு கிடந்தாள். பின்னாலேயே வந்த மாமியார் குரலை உயர்த்தாமலேயே கேட்டார்.

"ஊரையே காப்பாத்தப் படிக்கிறியேம்மா, பெத்த புள்ளைய யாரு தூக்கணும்னு உன் புஸ்தகத்துல போடலையா?"

"நீங்க தூக்குவீங்கன்னு நெனச்சேன் அத்தை."

"நீ தூக்குவேன்னு நான் நெனச்சேன்."

இவர் நடுவில் புகுந்து, "நான் எதுவுமே நெனைக்கலம்மா" என்று உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாமியார் பாப்பாவைப் பார்த்துக்கொள்வதால்தான் நான் வகுப்புக்கே போகிறேன். இனி எந்த முகத்தோடு அவர் கையில் பிள்ளையைக் கொடுப்பேன்? பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவளுக்குப் பட்டம் ஒரு கேடா? படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், ஒருவரையும் விட்டுவிடாதே.

உன் தங்கை

பி.கு.: அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. மாமியார் இப்போதுதான் வந்து, "நிறுத்துற வேலையெல்லாம் வேணாம். பாதி படிச்சதுக்கே இந்தக் கதி, முழுசாப் படிச்சிரு. ஆனா இனிமே ஒத்திகைய நான் நடத்துறேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அதனால் இதைச் செருப்புக் காலோடு, பாப்பாவைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.