தேவராசா அண்ணை அடுப்பு மூட்டுகிறார்

எந்த இயந்திரம் எங்கே மக்கர் பண்ணினாலும், சொந்தக்காரர் தலையைச் சொறிய முன்பே வந்து நிற்கிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. இவரை நீங்கள் கூப்பிடத் தேவையில்லை. உங்கள் மோட்டார் சைக்கிளை மூன்றாம் முறை உதைக்கும்போது வாசல் படலையடியில் இடுப்பில் கட்டிய ஒரு சாரம் தெரியும். நாலாவது உதைக்கு அந்தச் சாரம் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கும். ஐந்தாவது உதையை அவரே உதைப்பார். ஒழுங்காக ஓடுகிற இயந்திரத்தின் பக்கம் மட்டும் அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. ஓடுகிறதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

அவரை அடையாளம் காண்பது சுலபம். இடுப்பில் கையை வைத்து இயந்திரத்தைச் சுற்றி ஒரு வலம் வருவார். பிறகு ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார். பிறகு, எதிரே நிற்பது குளிர்சாதனப் பெட்டியோ மாவரைக்கிற மெஷினோ, "உதுக்குக் கரன்ட் பத்தேல்லை" என்பார். காலால் மிதிக்கிற தையல் மெஷினைப் பார்த்தும் இதையே சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். இயந்திரத்தோடு வருகிற கையேடும் அவருக்குப் பயன்படும். குந்தியிருந்து வேலை செய்யும்போது முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்வார்.

எங்கள் கொக்குவில் ஒழுங்கையில் இந்த இனத்தின் தலைமைப் பதவி தேவராசா அண்ணையிடம் இருக்கிறது. பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத தொண்ணூறுகளில், மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். அன்று அவர் மட்டுமா ஓட்டினார்? ஊரே ஓட்டியது. ஆனால் மற்றவர்கள் அதோடு இறங்கிவிட்டார்கள். அண்ணை இன்னும் இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் நவமணி ரீச்சரின் மகள் ஹன்னா இருக்கிறாள். பக்கத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகப் பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில், சுட்ட கோழி விற்கிற ஒரு சின்னக் கடை போட வேண்டுமென்று இரண்டு வருடமாக அலைகிறாள். அவளுடைய தமையன் கனடாவிலிருந்து கப்பலில் ஓர் அடுப்பு அனுப்பியிருந்தான். பெலட் கிறில் என்று பெயர். மரத்தூளை அமுக்கிச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளை ஒரு தொட்டியில் கொட்டி, சுவிச்சைப் போட்டால், உள்ளே ஒரு திருகாணி சுற்றிக் குச்சிகளைத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும். அங்கே ஒரு கம்பி சூடேறிப் பற்றவைக்கும். விசிறி ஊதும். மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அதுதான் நம்மவர்களால் தாங்க முடியாத விஷயம்.

கடைக்கு அறை கொடுக்கிறவர் நேசையா சேர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "வெள்ளி மத்தியானம் வாறன். சாப்பிட்டுப் பாத்துத்தான் சொல்லுவன். மூண்டு மணிக்கு போன் கடைக்காரரும் அறையைக் கேட்டு வருகினம், பிள்ளை." அன்று கோழி வேகாவிட்டால் கடை இல்லை. ஹன்னாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

காலை பத்து மணிக்கு முற்றத்து மாமரத்தடியில் சுவிச்சைப் போட்டாள். விசிறி இரைந்தது. புகை வரவில்லை. பத்து ஐந்துக்குப் படலை திறந்தது.

"என்ன பிள்ளை, பத்துதில்லையோ?"

"ஓம் அங்கிள். ராத்திரி மழைக்குத் தொட்டியிலை ஈரம் இறங்கிட்டுது. குச்சியள் உதிர்ந்து தூளாப்போய்க் கிண்ணத்தை அடைச்சிருக்கு. தூளை எடுத்துத் துடைச்சுப்போட்டு, வீட்டுக்குள்ளை இருக்கிற காய்ஞ்ச குச்சியைப் போட்டாச் சரி. பத்து நிமிச வேலை."

இதைவிடத் தெளிவாக எந்த மெக்கானிக் சொல்லுவான்? ஆனால் இந்த இனத்துக்கு ஒரு காது இயந்திரத்துக்கு, மற்றக் காது தனக்கு. மூன்றாவது காதைக் கடவுள் கொடுக்கவில்லை.

"தள்ளு பிள்ளை, நான் பாக்கிறன்."

வலம் வந்தார். தட்டினார். காதைக் கொடுத்தார். "உதுக்குக் கரன்ட் பத்தேல்லை" என்றார். பிளக்கைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்த கஜீபன், பற்றரி எங்கே இருக்கிறது என்று கேட்டான். பற்றரி இல்லை என்றதும், "அதுதான் பிழை" என்று அடித்துச் சொன்னான். நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். சும்மா எட்டிப் பார்க்கத்தான்.

அண்ணை வெள்ளிக்கிழமைகளில் சைவம். இறைச்சி மணக்கிற இடத்தில் நிற்கமாட்டார். ஆகவே அடுப்பு எரியாத வரைதான் அவர் அங்கே நிற்கலாம். அன்று இரண்டு மணித்தியாலம் நின்றார்.

ஹன்னா நாலு முறை "அங்கிள், கிண்ணம்" என்றாள். நாலு முறையும் தள்ளி நிற்கச் சொல்லப்பட்டாள். பன்னிரண்டு மணிக்கு நேசையா சேர் குடையோடு வந்து இறங்கினார். கட்டிட உரிமையாளர், மரியாதைக்குரிய மனிதர், இவராவது பிள்ளையைக் கேட்பார் என்று நினைத்தேன். சேர் குடையை மடக்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இடுப்பில் கையை வைத்தார்.

சேர் வலம் வரத் தொடங்கிவிட்டார்.

"தேவராசா, உது கரன்ட் இல்லை. காத்துப் போறேல்லை."

"சேருக்குக் கணக்குத் தெரியும், ஒத்துக்கொள்ளுறன். நாங்கள் தொண்ணூற்றிரண்டிலை மண்ணெண்ணையிலை மோட்டச்சைக்கிள் ஓட்டின ஆக்கள். கஜீபன், ஓடிப்போய் எங்கடை வீட்டிலை மண்ணெண்ணைப் போத்தலை வாங்கியா!"

போத்தல் வந்தது. மூடி திறபட்டது. ஹன்னாவின் முகத்தைப் பார்த்தேன். மசாலா பூசிய ஆறு கோழி சட்டியில் கிடக்கிறது. மண்ணெண்ணெய் மணக்கிற கோழிக்கு எந்த மனிதன் கடை கொடுப்பான்? எனக்கே அழுகை வந்தது. அவள் அழவில்லை. வீட்டுக்குள் போனாள். அரை நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"அங்கிள், கிணத்தடி மோட்டரும் தண்ணி இழுக்குதில்லை. என்னெண்டு தெரியேல்லை" என்றாள்.

போத்தல் மாமரத்தடியில் வைக்கப்பட்டது. அண்ணையின் முகத்தில் வந்த ஒளியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெரியாத கனடா அடுப்பு எங்கே, தெரிந்த தண்ணி மோட்டர் எங்கே! முன்னால் அண்ணை, பின்னால் சேர், அவருக்குப் பின்னால் கஜீபன். அவர்கள் கிணற்றடிக்கு நடந்து போகவில்லை, பாய்ந்தார்கள். நானும் போனேன். ஸ்பானரை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா?

எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். ஹன்னா பத்து நிமிடத்தில் கிண்ணத்தைக் கழற்றித் தூளைத் தட்டித் துடைத்தாள். ஈரக் குச்சிகளை அள்ளி எறிந்தாள். காய்ந்ததைக் கொட்டிச் சுவிச்சைப் போட்டாள். அடுப்பு நல்ல பிள்ளையாகப் பற்றிக்கொண்டது.

கிணற்றடியில் மோட்டரின் வயிற்றை நாங்கள் முழுதாகத் திறந்து, எது எங்கே இருந்தது என்று சேரும் அண்ணையும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, கோழி மணம் வந்தது. சேர் தலையை நிமிர்த்தினார். அண்ணை மூக்கைப் பொத்தினார்.

சேர் ஒரு முழுக்காலைச் சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. பிறகு வாயைத் துடைக்காமலே, "திங்கக்கிழமை வந்து அறைப் பூட்டின்ரை திறப்பை வாங்கும், பிள்ளை" என்றார். ஹன்னா அப்போதுதான் அழுதாள். மணம் எட்டாத தூரத்தில், வேலிக்கு அங்காலே நின்றுகொண்டு அண்ணை சத்தம் போட்டுச் சொன்னார்: "நான் தட்டின தட்டிலைதான் உது எடுத்தது!"

மோட்டருக்கு என்ன பிழை என்று கேட்கிறீர்களா? ஒரு பிழையும் இல்லை. ஹன்னா உள்ளே போய்ச் சுவிச்சை நிற்பாட்டியிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அது மத்தியானக் கதை. பின்னேரம் மோட்டரைத் திரும்பப் பூட்டி முடித்தபோது மூன்று ஆணிகள் மிஞ்சின. இப்போது சுவிச்சைப் போட்டால் உறுமுகிறது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

"காற்றுப் பிடித்திருக்கும், ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் சரி" என்று இப்போது உங்களுக்குத் தோன்றியதா? அல்லது, "கிணற்றுக்குள் குழாய் நுனியில் இருக்கிற புட்வால்வாக்கும்"? வெட்கப்பட வேண்டாம், எனக்கும் தோன்றியது. ஹன்னாவின் கடை அடுத்த மாதம் திறக்கிறது. கட்டாயம் வாருங்கள். உங்களைக் கண்டதும் அவள் சிரித்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று சொன்னால், ஒன்றும் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். முன்னால் கோழி நிம்மதியாக வேகும்.