முதல் மாடியில் ஓர் ஆடு

சொந்த வீட்டில் களவெடுப்பது இவ்வளவு சிரமமான தொழில் என்று கமலேஸ்வரி நினைத்திருக்கவில்லை. ஊரான் வீடு லேசு. அங்கே கமரா எங்கே இருக்கிறதென்று தெரியாது, ஆகவே பயமும் இல்லை. இங்கே மூன்று கமராவும் இருக்குமிடம் தெரியும். மூன்றுக்கும் ஏணி பிடித்தவளே அவள்தான்.

காலை ஆறே கால். கணவர் ஆனந்தராசா குளியலறையில் இருந்தார். உள்ளே போனால் சரியாகப் பதினைந்து நிமிடம். கல்யாணமான நாளிலிருந்து அதில் ஒரு நிமிடம் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. கமலேஸ்வரி பால்கனிக் கதவை நாலு விரல் அளவு திறந்து எட்டிப் பார்த்தாள். எதிரே சாடியில் கறிவேப்பிலைச் செடி. சார்ஜாவின் ரோலாப் பகுதி வெயிலை எட்டு வருடம் தின்று வளர்ந்த செடி. அதில் இன்றைக்கு எப்படியும் இரண்டு நெட்டு இலை குறைந்தாக வேண்டும்.

குறையாவிட்டால் ஆனந்தராசா மறுபடி சோபாவுக்குப் போய்விடுவார்.

சோபா என்றால் சாதாரண சோபா அல்ல. ஆனந்தராசா சார்ஜாவில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். உறைந்த கோழியை எண்ணியெண்ணிப் பழகி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் கதிரை எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அந்த மனிதரைக் கேக் வெட்டி, கடிகாரம் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே மாதம் ஒரே மகள் தக்ஷாயினியும் கல்யாணம் முடித்துக் கனடாவுக்குப் போனாள். கமலேஸ்வரி கிளினிக் வரவேற்பு மேசை டியூட்டிக்குப் போக, ஆனந்தராசா சோபாவில் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் தவிர ஐந்து மாதம் எழும்பவில்லை. சோபா அவருடைய அச்சிலேயே பள்ளமாகிவிட்டது. அவர் இல்லாதபோதும் அவர் இருப்பது போலவே இருக்கும். கமலேஸ்வரி இரண்டு தடவை அந்தப் பள்ளத்துக்குத் தேத்தண்ணி நீட்டியிருக்கிறாள். அதுவும் அவரைப் போலவே பதில் சொல்லவில்லை.

"உடம்பில் ஒன்றுமில்லை. ஆளை எப்படியாவது எழுப்பிவிடுங்கள்" என்றார் கிளினிக் டாக்டர். எப்படியென்று சொல்லவில்லை.

ஒருநாள் சம்பலுக்கு அவசரத்தில் மூன்று நெட்டு ஒடித்தாள். பின்னேரம் சோபாவிலிருந்து குரல் வந்தது.

"கமலா, கறிவேப்பிலையிலை மூண்டு நெட்டு குறையுது. நேற்று நாப்பத்தாறு. இண்டைக்கு நாப்பத்து மூண்டு."

கண்ணாடிக் கதவுக்குள்ளால் மனிதர் இத்தனை நாளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். 'நான்தான் பிடுங்கினனான்' என்று சொல்ல வாயெடுத்த கமலேஸ்வரி அவருடைய கண்ணைப் பார்த்தாள். சரக்குக் குறைந்த ஸ்டோர்கீப்பரின் கண். ஐந்து மாதத்துக்குப் பிறகு உயிருள்ள கண்.

"நான் எடுக்கேல்லையே" என்றாள்.

"அப்ப கள்ளன்" என்று சொல்லி ஆனந்தராசா எழும்பினார். சோபா பெருமூச்சு விட்டது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, ரோலாவில் கமரா, போன் திருத்தும் கடை வைத்திருக்கும் உடையப்பனிடம் போனார். சிவகங்கைக்காரரான உடையப்பன் அன்று மாலையே சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகையோடு வந்தார்.

"அக்கா, இதுதான் கம்ப்யூட்டரு."

"மிச்சம் எங்கை?"

"இம்புட்டுத்தான்க்கா. இதுல ஒரு சாஃப்ட்வேரப் போட்டுக் கேமராவ மாட்டிட்டா, பால்கனில எது அசஞ்சாலும் படம் புடிச்சு அண்ணன் போனுக்கு அனுப்பிரும்."

"ஒண்டும் அசையாட்டி?"

"சும்மா கெடக்கும்."

"ஐஞ்சு மாசமா இஞ்சை ஒண்டு அப்பிடித்தான் கிடந்தது" என்றாள் கமலேஸ்வரி. ஆனந்தராசா காது கேட்காதவர் போல வயரைச் சுற்றினார்.

அடுத்த நாள் காலை, உலருகிற பெட்ஷீட்டுகளுக்குப் பின்னால் பதுங்கிப் போய் இரண்டு நெட்டு ஒடித்தாள். கதவடிக்குத் திரும்பி வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பத்து மூன்று வயதில், கிளினிக் சீருடையில், கையில் களவெடுத்த கறிவேப்பிலை. வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்று சிரித்தாள்.

அன்று ஆனந்தராசாவின் போனுக்கு வந்த படங்கள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. ஆயிரத்து எண்ணூற்று நாற்பதில் பெட்ஷீட் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மிச்சம் ஆறையும் அவர் நெடுநேரம் பார்த்தார்.

"கள்ளன் தெரியுறானோ?" என்று கேட்டாள் கமலேஸ்வரி.

"புறா" என்றார். "நாளையிலயிருந்து பால்கனியிலை உடுப்புக் காயப்போடாதையும்."

உடுப்பெல்லாம் வீட்டுக்குள்ளே வந்தது. சாப்பாட்டு மேசைக்குப் போக ஒரு சாரத்தையும் இரண்டு சேலையையும் விலக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. உடுப்புப் போனதும் புறாக்கள் அந்தக் கொடியில் வந்து குந்தின. புறா தெரியாமலிருக்கப் படத்தில் அந்த இடத்தை அழித்துவிடச் சொன்னார் ஆனந்தராசா. "எந்த எடத்தக் கறுப்பாக்குறோமோ அங்க என்ன நடந்தாலும் மெஷின் கண்டுக்காதுண்ணே" என்றார் உடையப்பன். ஆனந்தராசா தன் கையாலேயே கறுப்புப் பூசினார். பூசின பூச்சில் கறிவேப்பிலைச் சாடியும் உள்ளே போய்விட்டது. கமலேஸ்வரி இரண்டு நாள் ராசாத்தி போல நடந்து போய்ப் பிடுங்கினாள்.

"இன்னொரு கமரா வேணும்" என்றார் ஆனந்தராசா.

இரண்டாவது கமரா வந்தது. முதலாவது கமராவை யாராவது களவெடுத்தால் பார்க்க மூன்றாவதும் வந்தது. மூன்றையும் சுமந்த பச்சைப் பலகை ஆவணி வெயிலில் கொதித்து மயங்கி விழுந்தது. வேறு யாராவது என்றால் நிழலில் வைத்திருப்பார்கள். ஆனந்தராசா முப்பத்தொரு வருடம் குளிர்க் களஞ்சியத்தில் இருந்தவர். கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியில், கத்தரிக்காய்த் தட்டில் வைத்தார்.

"இஞ்சருங்கோ, கதவு பூட்டுப்படுதில்லை."

"வயர் போகவேணும். கொஞ்சம் திறந்துதான் கிடக்கும்."

"மீன் பழுதாப் போகும்."

"மீன் திரும்ப வாங்கலாம் கமலா. கள்ளனை எங்கை வாங்கிறது?"

மீன் பழுதானது. பாலும் திரிந்தது. இரும்புப் பெட்டிக்குள்ளிருந்த பலகையின் வைஃபை வெளியே வராமல், போனுக்கு ஒரு படமும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் பலகையை வெளியே எடுத்து, ஹோலில் வைத்து, வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறியை அதற்குத் திருப்பிவிட்டார். கமலேஸ்வரி விசிறி இல்லாமல் சமைத்தாள். மனிதர் ஏணியில் ஏறுகிறார், இறங்குகிறார், இரண்டாம் முறை சோறு கேட்கிறார். வேர்த்தால் வேர்க்கட்டும்.

மூன்று கமராவுக்கும் இடையில் நுழைய வழியில்லாமல் ஒருநாள் பலகையின் பிளக்கையே கழற்றினாள். ஐந்து நிமிடத்தில் திரும்பச் செருகினாள். அந்தப் பலகைக்குள் மணிக்கூட்டுக்கென்று பற்றரி இல்லையென்பது அவளுக்குத் தெரியாது.

"கமலா" என்றார் ஆனந்தராசா மத்தியானம் போனில். "இண்டைக்குக் காலமை நடந்தது போன மாசம் நடந்திருக்கு."

"என்ன கதைக்கிறியள்?"

"திகதி பின்னாலை போயிட்டுது. கரண்ட் நிண்டிருக்கு. அந்த ஐஞ்சு நிமிசத்தைப் பார்த்து ரெண்டு நெட்டு போயிருக்கு. தூரத்து ஆள் இல்லை. பக்கத்திலை இருக்கிற ஆள்தான்."

பக்கத்துப் பால்கனிக்கும் இவர்களுடைய பால்கனிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர்தான். அந்தப் பக்கம் கீழக்கரை அஃபீஃபா. எட்டு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் அந்தச் சுவர் தாண்டி ஒரு கிண்ணம் பிரியாணியோடு வரும். வடையோடோ கொழுக்கட்டையோடோ திரும்பிப் போகும். அந்த வெள்ளிக்கிழமை கிண்ணத்தை ஆனந்தராசா தானே கொண்டுபோய்க் கொடுத்தார். நன்றாகக் கழுவி, துடைத்து, வெறுமையாக.

விஷயம் தெரிந்ததும் கமலேஸ்வரி செருப்பும் போடாமல் அஃபீஃபா வீட்டுக்கு ஓடினாள். அஃபீஃபா முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். கமலேஸ்வரி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

"அல்லாவே, அப்ப கள்ளி நீங்கதானாக்கா?" என்றாள் அஃபீஃபா. "நான் பிரியாணில உப்புக் கூடிப்போச்சோன்னு மூணு தடவை தின்னு பாத்தேன்."

"அந்தாள் எழும்பி நடமாடுது அஃபீஃபா. நான் நிப்பாட்டினால் திரும்பப் படுத்திடும்."

"நிப்பாட்டாதீங்க. ஆனா நிமிந்து போகாதீங்க. போர்வையப் போத்திக்கிட்டுத் தவழ்ந்து போங்க. மனுசன்னே தெரியாது."

அப்படித்தான் அந்தக் காலை ஆறே காலுக்குக் கமலேஸ்வரி மண்ணிறப் போர்வைக்குள் நாலு காலில் புறப்பட்டாள். முழங்கால் இரண்டும் அவளைத் திட்டின. சாடியைச் சுற்றி, இரண்டு நெட்டை ஒடித்து, வாயில் கவ்விக்கொண்டு, பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து சேர்ந்தாள். கதவடியில் போர்வைக்குள்ளேயே கிடந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

பத்து மணிக்குக் கிளினிக்குக்கு அழைப்பு வந்தது.

"கமலா, கள்ளனைப் பிடிச்சாச்சு."

கமலேஸ்வரி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஆர்?"

"ஆடு."

"என்ன?"

"உடையப்பன் புது சாஃப்ட்வேர் போட்டவரெல்லே. அது படத்தைப் பார்த்து மனிசரோ மிருகமோ எண்டு தானே சொல்லும். எழுபத்தொரு வீதம் செம்மறி ஆடு எண்டு சொல்லுது."

"முதல் மாடிக்கு ஆடு எப்பிடியப்பா வரும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன். லிஃப்டும் பழுது."

"மிச்சம் இருபத்தொன்பது வீதம்?"

"சோபா எண்டு சொல்லுது. ஆனால் நான் வடிவாப் பார்த்தனான். ஆடுதான். நல்ல கொழுத்த ஆடு."

கமலேஸ்வரி அன்று மத்தியானம் பாதிச் சோறுதான் சாப்பிட்டாள்.

ஆனால் பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோபமெல்லாம் போய்விட்டது. ஆனந்தராசா பால்கனியில் செடிக்கு முன்னால் நின்றார். செடி பல்லு விழுந்த கிழவனைப் போல நின்றது.

"மூண்டு நெட்டுத்தான் மிச்சம்" என்றார். "நாளைக்கு ரெண்டு போனால் ஒண்டு. அதுக்குப் பிறகு களவெடுக்க ஒண்டுமில்லை."

உள்ளே வந்து சோபாவின் பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை. அவ்வளவுதான், உட்காரவில்லை. அடுத்த நாள் காலை போர்வையைக் கையில் எடுத்த கமலேஸ்வரி, மடித்துத் திரும்ப வைத்துவிட்டாள். ஆட்டுக்கும் மனம் வரவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு லீவு. பலகையின் மெமரி கார்டு நிறைந்துவிட்டதென்று உடையப்பன் மாற்ற வந்தார். ஆனந்தராசா "வயர் கொஞ்சம் வாங்கவேணும், இப்ப வாறன்" என்று கீழே இறங்கிப் போனார். வயர் வாங்கப் போகிற மனிதர் தலையை இவ்வளவு அழகாக இழுத்து வார வேண்டியதில்லைதான். கமலேஸ்வரி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. கதவு சாத்தப்பட்டதும் உடையப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, ஒரு உதவி. அந்த மெஷின் கள்ளனைப் பிடிக்காமல், ஆனால் தேடிக்கொண்டே இருக்கிற மாதிரி ஏதும் செய்யலாமோ?"

"ஏன்க்கா?"

"கள்ளன் நான்தான்."

உடையப்பன் நிறைந்த கார்டைப் பலகையிலிருந்து கழற்றினார்.

"அவர் எழும்பி நடக்கவேணுமெண்டுதான் செய்தனான். இப்ப இலை முடியப்போகுது. முடிஞ்சால் அவருக்கு விடிய எழும்ப ஒரு காரணமும் இல்லை. அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதையும் தம்பி. தெரிஞ்சால் உடைஞ்சு போவார்."

உடையப்பன் அந்தக் கார்டை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அக்கா, இது நெறஞ்சது புறாவால இல்ல, உங்களால. மொத நாளே உங்களப் பாத்துட்டாரு. 'மகள் போனதுல இருந்து இவ சிரிச்சு நான் பாக்கலப்பா, இப்பக் கறிவேப்பிலையத் திருடிட்டுக் கதவு பக்கத்துல நின்னு சிரிக்கிறா, புடிச்சா நிறுத்திருவா'ன்னு சொல்லித்தான் ஒவ்வொரு கேமராவா வாங்குனாரு. இப்ப வயர் வாங்கவா போயிருக்காரு, நர்சரிக்குப் போயிருக்காருக்கா, குனியாமத் திருடுற ஒயரத்துல ஒரு செடி வாங்க."